அம்மாவின் பாட்டும் பழைய லேப்டாப்பும்

பத்து நாளாக ஏன் பதிவு இல்லை என்று கேட்டவர்களுக்கு: லேப்டாப் படுத்துவிட்டது.

2012-ல் மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. அவள் வேலைக்குப் போனதும் என் கைக்கு வந்தது. 2013 பொங்கலுக்கு அம்மா பாடிய நடவுப் பாட்டுகள் அதில்தான் இருந்தன. பதினொரு பாட்டு. வேறெங்கும் பிரதி இல்லை. 'நோட்டைத் தொலைக்காதே' என்று முப்பது வருடம் பிள்ளைகளைக் கண்டித்தவள் நான்! அம்மா 2016-ல் போய்விட்டார்.

மாமல்லபுரத்தில் ஒரு கடையில், "ஃபார்மேட் பண்ணிடலாம் மேடம்" என்றார்கள். அப்படிச் செய்தால் பாட்டும் போய்விடும் என்கிற அளவுக்கு எனக்கும் தெரியும். பையில் போட்டுக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் அங்கே கடை வைத்திருக்கிறான்.

அவன் அடிமூடியைக் கழற்றி, ராம் பட்டையை எடுத்து, அதன் பொன்னிறப் பற்களை பென்சில் ரப்பரால் தேய்த்தான். "கடலோர வீடு இல்லையா டீச்சர், உப்புக் காத்து." திரை வந்தது. விண்டோஸ் வரவில்லை. அதன் ரிப்பேர் வசதியும் செக்குமாடு மாதிரி சுற்றி அதே இடத்தில் வந்து நின்றது.

"டிஸ்க் நல்லா இருக்கு டீச்சர். விண்டோஸ்தான் போயிடுச்சு" என்றவன், லினக்ஸ் உள்ள பென்டிரைவைச் செருகினான். எதையும் இன்ஸ்டால் செய்யாமலே அதிலிருந்து கணினி ஓடியது. என் ஃபோல்டர்கள் அப்படியே தெரிந்தன. முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்தான்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த மடிக்கணினி வரும்போதே விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இடத்தை அடைக்கிறது என்று காசு கொடுத்து அழித்தது நாங்கள்தான்.

மறுபடி விண்டோஸ் போடலாமா என்றேன். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டதாம். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சிப்பும் புதிய பிராசஸரும் என் கிழட்டு மெஷினில் கிடையாது. லினக்ஸே போடச் சொன்னேன். ராமை 2 ஜிபியிலிருந்து 4 ஆக்கி, எஸ்எஸ்டி போட்டு, மொத்தம் 2,900 ரூபாய். லினக்ஸுக்குக் காசு இல்லை.

பெங்களூரிலிருந்து மகன், "மேக் வாங்கித் தரேன்மா" என்கிறான். அவனுடையதைப் பார்த்திருக்கிறேன். சிஸ்டம் கெட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, இன்டர்நெட்டிலிருந்தே திரும்பப் போட்டுக்கொள்ளலாம்; அருமைதான். ஆனால் ராமும் ஸ்டோரேஜும் போர்டோடு ஒட்டியவை. வாங்கும்போது இருந்ததுதான் கடைசிவரை. போர்டு போனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டவும் வழியில்லை. தனியாகப் பிரதி எடுத்து வைக்காவிட்டால் அவ்வளவுதான். என்னை மாதிரி மறதிக்காரிக்கு அது சரிப்படாது.

லினக்ஸில் தொல்லையே இல்லை என்று சொல்லமாட்டேன். பிரிண்டரை இணைக்க அரை நாள் ஆனது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கேள்வித்தாள்கள், அந்த எழுத்துருவைப் போடும்வரை கிறுக்கல் கிறுக்கலாகத் தெரிந்தன. பேரன் விளையாட்டு ஒன்று ஓடவே இல்லை. அவன் இன்னும் கோபமாக இருக்கிறான்.

பாட்டுகள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒன்பதாவது பாட்டின் நடுவில் அம்மா நிறுத்திவிட்டு, "இது ஓடுதாடி?" என்று கேட்பார். வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் முதலில் போட்டேன்.