டோச்சி ஃபார்மில் ஜிம்மி ஸ்பியர்ஸ்

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரைத் தாண்டி வடகிழக்கே போனால் கொஞ்ச நேரத்திலேயே வீடுகள் குறைந்து வயல்வெளி வந்துவிடுகிறது. லாங்கமார்க்குக்கும் ஜோனெபெகேவுக்கும் நடுவே, சாலையை ஒட்டி இருக்கிறது டோச்சி ஃபார்ம் கல்லறைத் தோட்டம். முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் அரணாக வைத்திருந்த பண்ணையின் பெயர் இது. போர் ஓய்ந்த பிறகு, சுற்றுவட்டாரத்தில் சிதறிக் கிடந்த உடல்களைத் திரட்டி இங்கே அடக்கம் செய்தார்கள். 1,400-க்கும் மேற்பட்ட கல்லறைகளில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பெயரே கிடையாது.

நான் தேடி வந்தவருக்குப் பெயர் இருக்கிறது. வரிசை வரிசையாகப் படித்துக்கொண்டே போய் அந்தக் கல்லின் முன் நின்றேன். இடுப்பளவுகூட உயரமில்லாத வெள்ளைக் கல். மேலே கேமரன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவின் சின்னம்: முட்செடி மாலைக்குள் சிலுவை ஏந்திய புனித ஆண்ட்ரூ. அதன் கீழே சார்ஜென்ட் ஜே. எச். ஸ்பியர்ஸ், 20 ஆகஸ்ட் 1917. கால்பந்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

1911-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்ற பிராட்ஃபோர்ட் சிட்டி அணியின் கேப்டன் இவர். கிளாஸ்கோவின் கோவன்ஹில்லில் 1886-இல் பிறந்தவர். ரேஞ்சர்ஸ், கிளைட் அணிகளில் ஆடிவிட்டு இங்கிலாந்துக்கு வந்தார். ஸ்காட்லாந்துக்காக ஆடியது ஒரே ஒரு ஆட்டம், 1908-இல் வேல்ஸுக்கு எதிராக. எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் நியூகாசிலுடன் கோல் விழாமல் முடிந்தது. நான்கு நாள் கழித்து ஓல்ட் டிராஃபோர்டில் மறு ஆட்டம். 15-ஆவது நிமிடத்தில் ஸ்பியர்ஸ் தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது. அந்த ஒரு கோலே போதுமாக இருந்தது. அன்று களமிறங்கிய பிராட்ஃபோர்ட் அணியில் எட்டுப் பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். கோப்பையும் அந்த ஆண்டுதான் புதிதாகச் செய்யப்பட்டது, அதுவும் பிராட்ஃபோர்டின் ஃபட்டோரினி கடையில். அதை முதலில் கையில் வாங்கிய கேப்டன் இவர்தான். அடுத்த ஆண்டு லீட்ஸ் சிட்டியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் இவரைத் தம் அணிக்கு அழைத்துக்கொண்டார்.

1915-இல் தாமாகவே பட்டாளத்தில் சேர்ந்தார். கட்டாய ராணுவச் சேவை அப்போது வரவில்லை. மனைவியும் சின்னக் குழந்தைகளும் இருந்தார்கள். வீட்டில் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போர்முனையில் காட்டிய துணிவுக்கு மிலிட்டரி மெடல் கிடைத்தது. பாஸ்சென்டேல் போரில், மழையில் சேறாகிப்போன இந்த மண்ணில், தொடையில் குண்டு பட்டு ஒரு பள்ளத்துக்குள் ஊர்ந்து போனவர் திரும்பவில்லை. வயது 31. உடல் கிடைத்தது போர் முடிந்த பிறகுதான்.

கல்லில் கோப்பையைப் பொறித்திருக்கலாமே என்று முதலில் தோன்றியது. ஆனால் இங்கே தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்தான். அதுவே சரி. பெயரில்லாதவர்கள் நடுவே அவர் தனியாக உயர்ந்து நிற்க வேண்டியதில்லை. அவரை யாரென்று சொல்வது கல்லின் வேலையல்ல, கால்பந்தை நேசிக்கிற நம்முடைய வேலை.

ஈப்பருக்கு வருகிறவர்கள் மெனின் கேட் நினைவு வாயிலையும் டைன் காட் கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். டோச்சி ஃபார்ம் டைன் காட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் கொஞ்சம் வண்டியை நிறுத்தி, ஸ்பியர்ஸின் கல்லைத் தேடிப் பாருங்கள்.