கிட்டப்பாவுக்குக் கறண்ட் தேவையில்லை

1990 ஜூனில் மறுபடி சண்டை மூண்டதோடு யாழ்ப்பாணத்துக்குக் கறண்ட் நின்றுபோனது. என் றெக்கோட் பிளேயரும் அத்துடன் வாயை மூடிக்கொண்டது. என்னிடம் இருந்தவை முப்பது சொச்சம் தட்டுகள்தான். ஆனால் எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அவற்றில் பல கடல் தாண்டி வந்தவை. திருச்சிக்குப் போய்த் தலைமன்னார்க் கப்பலில் திரும்பும் சொந்தக்காரர்கள் கலியாணச் சேலை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள். 1976இல் ‘அன்னக்கிளி’ அப்படித்தான் கொக்குவிலுக்கு வந்தது. ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம், ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’, ‘திருவிளையாடல்’ கதை வசனம் எல்லாம் இருந்தன. எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘பஜ கோவிந்தம்’ தட்டில் முதலில் ராஜாஜி ஆங்கிலத்தில் பேசுவார். அப்பா அந்தப் பேச்சுக்காகவே போடச் சொல்வார். பாட்டுத் தொடங்கியதும் எழும்பிப் போய்விடுவார்.

தட்டின் ஒலியில் ஒரு வெதுவெதுப்பு உண்டென்று இப்போது எழுதுகிறார்கள். எங்கள் பிளேயரில் எனக்கு ஊசி உரசும் சத்தம்தான் கேட்டது. அதுவும் இல்லாமல் போனபிறகுதான் ஏங்கினேன்.

பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, ஊர் முழுக்க வானொலி கேட்ட காலம் அது. பற்றறியில் ஓடும் சின்ன பிளேயர் ஒன்றை இரவல் வாங்கி அதே வித்தையைச் செய்து பார்த்தோம். மகன் பெடலைச் சுற்றினான். அவன் களைத்தால் ஜானகியின் குரல் ஆண்குரலாகும்; உற்சாகம் வந்தால் கீச்சிடும். சிரித்துச் சிரித்து வயிறு நொந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் அப்புவின் கிராமபோன் பரணிலிருந்து இறங்கியது. சாவி கொடுத்தால் ஓடும். கறண்டும் வேண்டாம், பற்றறியும் வேண்டாம். 1933இலேயே செத்துப்போன எஸ்.ஜி. கிட்டப்பா ஜாம்போத்தல் விளக்கு வெளிச்சத்தில் வந்து பாடினார். பின்னால் தியாகராஜ பாகவதர். நான் காசு சேர்த்து வாங்கிய இளையராஜா பக்கத்திலேயே ஊமையாக இருந்தார். வினைல் தட்டை அதில் போட முடியாது. வேகம் ஒத்துவராது, அதன் கோடுகளோ மிக நுணுக்கம். கிராமபோனின் பாரமான உருக்கு ஊசி ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும். அந்த ஊசியும் கடையில் கிடைக்காததால் தேய்ந்ததைக் கல்லில் தீட்டித் தீட்டிப் போட்டோம். சத்தத்தைக் குறைக்கிற திருகு கிராமபோனுக்குக் கிடையாது. பொம்மர் வரும் இரைச்சல் காதில் விழவேண்டுமே! குழலுக்குள் பழஞ்சேலையைத் திணித்துவிட்டு, ஒரு காது கிட்டப்பாவுக்கும் மற்றது ஆகாயத்துக்குமாக இருப்போம்.

1995 ஒக்டோபர் 30 பின்னேரம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: ஆமி வருகிறது, எல்லோரும் வெளிக்கிடுங்கள். சைக்கிள் கரியரில் அரிசி, காணி உறுதிகள், பிள்ளைகளின் சான்றிதழ்கள். தட்டுகளைப் பெட்டகத்துக்குள் நிமிர்த்தி அடுக்கி, மேலே பழந்துணிகளைப் போட்டு மூடினேன். அம்மா கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினா. நாவற்குழிப் பாலத்துக்குப் போகும் வழியில் இலட்சக்கணக்கான சனம். மழை. தாகத்துக்குக் குடையைக் கவிழ்த்துப் பிடித்து அதில் விழுந்த தண்ணீரைக் குடித்தோம். அந்த இரவில் பாட்டைப் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை.

அடுத்த வருடம் மே மாதம் திரும்பினோம். அம்மா இடுப்பில் வைத்திருந்த திறப்புக்குக் கதவு இல்லை. பெட்டகமும் இல்லை, கிராமபோனும் இல்லை. தட்டுகள் முற்றத்தில் கிடந்தன. அப்புவின் அரக்குத் தட்டுகள் சில்லுச் சில்லாகிவிட்டன. என்னுடையவை உடையவில்லை; உறைகளை இழந்து, வெயிலில் உருகி நெளிந்திருந்தன. சட்டி போலக் குழிந்திருந்த ஒன்றை அம்மா கழுவி, நடு ஓட்டைக்குள் துணியைச் செருகி, தண்ணீர்க் குடத்துக்கு மூடியாக வைத்தா.

“அது திருவிளையாடல், அம்மா” என்றேன்.

“தருமியின்ர வசனம் முழுக்க எனக்குப் பாடம், தம்பி. குடத்துக்குத்தான் மூடி இல்லை.”