அந்தப் பக்கத்துக்கு ஒரு சொல்

போன மாதம் பாண்டி லாஸ்பேட்டையில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. ரிடையர் ஆனவன் என்று என்னையும் கூப்பிட்டு, கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். முப்பது வயதுகூட இருக்காது, ஒரு தம்பி ஸ்லைடு காட்டினார். பையன்களுக்கு வளரிளம் பருவத்தில் வரும் மாற்றங்கள்: குரல் உடைதல், மீசை அரும்புதல், 'ஈரமான கனவுகள்'.

ஈரமான கனவாம்! கம்ப்யூட்டர் பெயர்த்துக் கொடுத்ததை அப்படியே ஒட்டியிருக்கிறார். முன்வரிசையில் ஒரு டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு இடத்துக்கு நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இதே பாடத்துக்கு, வகுப்பில் புரட்டிக் காட்டும் ஃபிளிப் சார்ட் ஒன்றை அந்தக் காலத்தில் நான் தயாரித்தேன். ஃபிளிப் சார்ட்டில் படத்துக்கு உரிய வசனம் அதற்கு முந்தைய தாளின் முதுகில் வரவேண்டும், கோடு கடைசி பெஞ்சுக்குத் தெரியவேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். படம் வரைவது ஒரு வேலையே இல்லை. சொல்தான் வேலை.

பெண்பிள்ளைக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. வயசுக்கு வந்தாள், பெரிய மனுஷி ஆனாள், சடங்கானாள். பாண்டியில் மஞ்சள் நீராட்டுக்குத் தெருமுனையில் பேனரே வைக்கிறோம், கட்சித் தலைவர் படத்தோடு. அதே வீட்டில் அவள் அண்ணன் விடிவதற்குள் எழுந்து லுங்கியை யாருக்கும் தெரியாமல் அலசிப் போடுவான். தனக்கு என்ன நடந்தது என்று சொல்ல அவனுக்கு ஒரு சொல் கிடையாது. இருந்த ஒன்றும் பஸ் ஸ்டாண்ட் சுவரில் இருந்தது: 'சொப்பன ஸ்கலிதம்'. கூடவே நரம்புத் தளர்ச்சி, இழந்த இளமை, வைத்தியர் எந்தத் தேதியில் எந்த லாட்ஜில் தங்குகிறார் என்ற விவரம். வகுப்பில் கேள்விப் பெட்டி வைத்தால், பெயர் போடாத சீட்டுகளில் பாதி இந்தப் பயம்தான். 'ரத்தம் குறைஞ்சிடுமா சார்?' என்று பென்சிலில், எழுத்து தெரியக்கூடாதென்று இடது கையால் எழுதியிருப்பான்.

என் முதல் வரைவில் 'தூக்கத்தில் ஏற்படும் விந்து இழப்பு' என்று எழுதியிருந்தேன். திருத்திக் கொடுக்க முத்தியால்பேட்டையில் ஒரு தமிழையா. அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெற்றிலை போடுபவர். சிவப்பு மையில் 'இழப்பு' என்பதைச் சுழித்தார்.

"மூக்குலேர்ந்து சளி வெளியேறுனா இழப்புன்னு துக்கம் கொண்டாடுறோமா தம்பி? லாட்ஜ் டாக்டர் சொல்றதையே நீயும் சொன்னா, பையன் அவன்கிட்டதான் போவான்."

அடுத்து வடமொழி போட்டுப் பார்த்தேன். அடித்தார். 'இயற்கையான ஒரு நிகழ்வு' என்று மழுப்பினேன். "நிகழ்வுன்னா கச்சேரியா?" என்றார். அடைப்புக்குறிக்குள் விளக்கம் போட்டால் அவருக்கு ஆகவே ஆகாது. நேரே சொல்லப் பயந்தவன்தான் அடைப்புக்குறிக்குள் ஒளிவான் என்பார். அவருடைய சோதனை ஒன்றுதான். வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று வாக்கியத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். நாக்கு தடுக்கினால் சொல் தப்பு. பதினோரு தடவை போனேன். கடைசியில் நின்றது இது: 'தூக்கத்தில் விந்து தானாக வெளியேறும். பலருக்கு வரும், சிலருக்கு வராது. இரண்டும் இயல்புதான். இதனால் உடம்புக்கு ஒரு குறையும் வராது.' இதற்கா பதினோரு தடவை என்று கேட்பீர்கள். ஆமாம், இதற்குத்தான்.

2005-இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் நாடு முழுக்க வந்தது. 2007-இல் மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் என்று மாநிலம் மாநிலமாக நிறுத்தினார்கள். பெரிய ஆட்சேபம் படங்கள் மேல். இங்கே ஒரு பள்ளியில் என் சார்ட்டைப் போய்ப் பார்த்தால், இரண்டு தாளைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்திருந்தது. எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நல்வாழ்வுத் தூதுவர் என்று நியமிக்கிறார்கள், பதினொரு தலைப்புகளில் பாடம். நல்லதுதான். 2012-இல் போக்சோ சட்டம் வந்த பிறகு தொடுதலைப் பற்றியாவது கூச்சமில்லாமல் பேசுகிறார்கள். ஆனால் தமிழில் எழுத ஆள் இல்லை. இங்கிலீஷில் வருவதைப் பெயர்ப்பது, அதுவும் இரவோடிரவாக. மாஹேக்கு மலையாளத்திலும் ஏனாமுக்குத் தெலுங்கிலும் இதே கதியா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்து என்ன ஆகப்போகிறது?

பயிற்சி முடிந்ததும் அந்தத் தம்பியைப் பிடித்தேன். பாவம், நல்ல பையன். "சார், அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க, மாத்திடறேன்" என்றார். பரணிலிருந்து பழைய சார்ட்டை இறக்கி, தூசி தட்டி, அனுப்பினேன். பத்து நாள் கழித்துத் திருத்திய ஸ்லைடு வந்தது.

'ஈரமான கனவுகள் (தூக்கத்தில் விந்து தானாக வெளியேறுதல்)'.

அடைப்புக்குறிக்குள். நல்லவேளை, தமிழையா உயிரோடு இல்லை.