இரண்டு எழுத்து, ஒரு வேதாளம்

1960இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எங்கள் விஜயபுரம் ஆந்திரத்திலேயே நின்றது. அதனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. எங்கள் வீட்டுக்கு அம்புலிமாமா பத்திரிகை வரும், அடுத்த வீட்டுக்கு அதன் தெலுங்குப் பதிப்பான சந்தமாமா. எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதில் இரண்டையும் திண்ணையில் விரித்துப்போட்டுப் பார்ப்போம். எழுத்து வேறு வேறு. தோளில் வேதாளம் புகுந்த பிணத்தைச் சுமந்து, உருவிய வாளோடு நடக்கிற விக்கிரமாதித்தன் மட்டும் இரண்டிலும் ஒரே ஆள்.

அந்த ஆளை நம் கண்ணில் நிறுத்தியவர் சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன். 1924இல் பிறந்தவர், தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கிய அந்தப் பத்திரிகைக்கு 1950களின் தொடக்கத்தில் வந்து, ஏறக்குறைய 60 ஆண்டுகள் அங்கேயே வரைந்தார். சித்ரா, வட்டாதி பாப்பய்யா என்று உடன் வரைந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர்.

கறாராகச் சொன்னால் சங்கர் காமிக்ஸ் ஓவியர் ஆகமாட்டார். கட்டம் கட்டமாகக் கதை பார்க்கும் பைத்தியம் 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியை இறக்கிய பிறகு எங்களைப் பிடித்தது. ஆனால் படத்தில் கதை படிக்க அதற்கு முன்பே பழகியிருந்தோம், அதுவும் சங்கரிடம். காமிக்ஸில் ஒரு கட்டத்தில் ஓங்கிய கை அடுத்த கட்டத்தில் இறங்கிவிடும். சங்கருக்கு அந்த வசதி கிடையாது. ஓங்கிய கையும், அடிபடப் போகிறவன் முகமும், தூணோரம் நின்று பார்ப்பவனின் திகைப்பும் ஒரே படத்துக்குள் அடங்க வேண்டும். அடங்கியது. அதற்குமேல் தூணில் சிற்பம், இடுப்பில் கச்சை, சுவரில் விளக்குமாடம் என்று கண் உலாவ இடமும் இருந்தது.

அதே படம் பல மொழிப் பதிப்புகளுக்கும் போயாக வேண்டும். ஆகவே அவருடைய அரசன் எந்த ஊர் அரசன் என்று அறுதியிட முடியாது. தமிழன் பார்த்தாலும் நம்மவன், தெலுங்கன் பார்த்தாலும் நம்மவன். இது பலவீனம் என்பாருண்டு. எல்லையோரத்தில் வளர்ந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. இளவரசிகள் எல்லாரும் உடன்பிறந்தவர்கள் மாதிரி இருக்கிறார்களே என்பதுதான் எனக்குள்ள குறை.

2020 செப்டம்பரில், 96 வயதில் சங்கர் காலமானார். பத்திரிகை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நின்றுபோயிருந்தது. 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். தொண்ணூறு வயதைத் தாண்டியும் கண்ணெதிரே இருந்த மனிதருக்கு, அவர் போன பிறகு.