பாக்கி சில்லறை

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணத்தில் தஞ்சாவூர் பஸ் ஏறினேன். கர்சீஃப் போட்டு ஜன்னல் ஸீட் பிடித்தேன். அந்த வித்தை மட்டும் இன்னும் மறக்கவில்லை.

கண்டக்டர் வந்தார். காதில் பேனா, கையில் டிக்கெட் மெஷின். முன் ஸீட்டில் ஒரு பெரியவர், "பாபநாசம் நாலு முழு, மூணு அரை" என்று முடிப்பதற்குள், மெஷினைத் தொடாமலே மொத்தத் தொகையைச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இந்த வேகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே!

"சார், தஞ்சாவூரா?" என்று என் பக்கம் திரும்பியவர் நிறுத்தினார். "டேய்... நீயாடா? முடியெல்லாம் எங்கேடா?"

அதற்கப்புறம் 'ர்' விகுதிக்கு வேலையில்லை. நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு, பாக்கியை டிக்கெட் பின்னால் எழுதிக் கொடுத்தான். "இறங்கும்போது வாங்கிக்க."

1994-ல் ஒன்றாகப் பிளஸ் டூ முடித்தோம். அப்போது மொத்தம் 1200 மார்க். கணக்கில் அவன் 200-க்கு 200. என் மார்க் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை.

இன்ஜினீயரிங்குக்கு நுழைவுத் தேர்வு இருந்த காலம் அது. (2006 வரை இருந்தது.) பரீட்சைக்குச் சில நாள் முன்னால் அவன் அப்பா போய்விட்டார். அவரும் பஸ் டிரைவர். ஹால் டிக்கெட் வந்தும் அவன் எழுதவில்லை.

நான் திருச்சியில் மாமா வீட்டிலிருந்து எழுதினேன். அங்கே ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. "கணக்கில் என்னென்ன கேட்டார்கள்? ஞாபகம் இருப்பதை எழுதி அனுப்பு. வீட்டில் போட்டுப் பார்க்கணும்." அவ்வளவுதான் விஷயம்.

பதில் போடவில்லை. பெரிய காரணமெல்லாம் இல்லை. லீவு, சினிமா. அப்புறம் காலேஜ், மெட்ராஸ், ஆபீஸ், ஹவுசிங் லோன்.

"வாரிசு வேலை குடுத்தாங்க. ரெண்டு தங்கச்சிக்கும் கல்யாணம் முடிச்சேன். பொண்ணு பி.எஸ்ஸி. கணக்கு படிக்கிறா." நடுநடுவே விசில் ஊதிக்கொண்டு சொன்னான். சுந்தரப்பெருமாள் கோவிலுக்கும் பாபநாசத்துக்கும் நடுவே முப்பது வருஷமும் முடிந்துவிட்டது. நான் என் புரமோஷனை ஆரம்பித்தபோது, "உள்ளே போங்க சார், உள்ளே போங்க" என்று நகர்ந்துவிட்டான். எனக்கில்லை, படியில் நின்றவர்களுக்கு.

அய்யம்பேட்டையில் கூட்டம் குறைந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. சிரித்துக்கொண்டே கேட்டான்.

"அது இருக்கட்டும். கணக்குல என்னடா கேட்டான்?"

யோசித்தேன். வெக்டரா? வகை நுண்கணிதமா? எந்தக் கேள்விகளால் எனக்கு ஸீட்டும் சம்பளமும் கிடைத்ததோ, அதில் ஒன்றுகூட ஞாபகமில்லை.

"மறந்துட்டேன்டா."

"சரி விடு. எழுதியிருந்தா உன்னைவிட ஒரு மார்க்காவது கூட வாங்கியிருப்பேன் இல்லே?"

"ஒண்ணா? நீ எங்கேயோ போயிருப்பேடா."

"எங்கே போறது? தஞ்சாவூர்தான்" என்று எழுந்து விசில் கொடுத்தான்.

தஞ்சாவூரில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிவிட்டேன். கல்யாண மண்டபத்தில் மொய்க் கவருக்குப் பாக்கெட்டைத் துழாவியபோது டிக்கெட் வந்தது. பின்னால் பாக்கித் தொகை, அதைச் சுற்றி ஒரு வட்டம். கணக்கு நோட்டில் ஒவ்வொரு விடைக்கும் அவன் போடும் அதே வட்டம்.

டிக்கெட் கணக்குப்படி, அவன்தான் எனக்குப் பாக்கி.