நனைகிறவன்

நாட்டிங்ஹாம் புறநகரில் ஒரு சமுதாயக் கூடம். ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. நீள மேசைகளின் மேல் பச்சைத் துணி விரித்து, தெர்மோகோல் குன்றுகளும் பஞ்சு மரங்களும் வைத்திருக்கிறார்கள். சுற்றி நின்று டேப் பிடித்துத் தூரம் அளக்கிறார்கள், பகடை உருட்டுகிறார்கள், விரல் உயரப் படைகளை நகர்த்துகிறார்கள். அக்கா மகன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டான். இனி ஆறு மணிக்குத்தான் அவனுக்கு என் நினைவு வரும். சுவரோரமாக ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன்.

எனக்கு எதிரே இருந்த சின்ன மேசையில் ஆட்டம் நடக்கவில்லை. கழுத்து வளையும் விளக்கு ஒன்று, தண்ணீர்க் கிண்ணம், கீறல் விழுந்த வெட்டுப் பலகை. அவற்றுக்குப் பின்னால் எழுபதை நெருங்கும் ஒரு பெரியவர். பழைய துணியைப் பிரித்து, பல் டாக்டர் மேசையில் பார்த்தது போன்ற எஃகுக் கருவிகளை அளவுவாரியாக அடுக்கினார். தட்டையான நுனி, கரண்டி நுனி, ஊசி. கடைசியில் ஒரு டப்பாவைத் திறந்து, ஒயின் பாட்டில் கார்க் ஒன்றை எடுத்து விளக்கடியில் வைத்தார். கார்க்கின் மேல் ஒருவன் நின்றிருந்தான்.

28 மில்லிமீட்டர் ஆள். இந்த அளவை உச்சந்தலைவரை எடுப்பதில்லை. உள்ளங்காலிலிருந்து கண்வரை எடுப்பார்கள். தலைக்குத் தலை தொப்பி மாறும், கண் மாறாது. தலை ஒரு மிளகுக்கு மேல் இராது.

பெட்டியில் வந்தபோது அவன் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து அணிவகுத்துப் போகும் பிரிட்டிஷ் காலாள் வீரன். இப்போது துப்பாக்கி இல்லை. கைகள் முழங்கையோடு வெட்டப்பட்டு, மார்பை நோக்கி மடங்கியிருந்தன. உயரத் தொப்பியோடு இருந்த தலை போய், வெறுந்தலை ஒன்று குனிந்தாற்போல் ஒட்டப்பட்டிருந்தது. கழுத்தில் நூலளவு துளையிட்டு, பேப்பர் கிளிப் கம்பியைச் செருகி, மேலே சூப்பர் குளூ வைத்திருப்பார். அதுதான் இங்கே வழக்கம். பார்த்ததுமே வேலையின் வரலாறு தெரிந்தது. பிளாஸ்டிக் சாம்பல் நிறம், அது கம்பெனி செய்தது. முழங்கை, கழுத்து, தளர்ந்த முழங்கால் மட்டும் பச்சை, அது இவர் செய்தது. வண்ணம் பூசிவிட்டால் இந்த வேறுபாடு யார் கண்ணுக்கும் தெரியாது. அதற்கு முன்பே பார்க்கக் கிடைத்ததை என் பாக்கியமாக நினைக்கிறேன்.

அந்தப் பச்சைதான் இந்தக் கைவேலையின் உயிர். நீடடைட் என்பது அதன் பெயர். இங்கே எல்லோருக்கும் அது கிரீன் ஸ்டஃப். நீலமும் மஞ்சளும் ஒட்டிக் கிடக்கும் நாடாவாக வருகிறது. மஞ்சள் பிசின், நீலம் அதை இறுக்குவது. ஒழுகும் குழாய்க்கு எம்-சீல் பிசைந்தவர்களுக்கு இதன் குணம் பாதி தெரியும். பெரியவர் நாடாவில் ஒரு விரற்கடை வெட்டினார். இரண்டு நிறமும் தொட்டுக்கொள்ளும் நடுக்கோட்டைப் பிளேடால் கீறித் தனியே தள்ளினார். அந்தக் கோட்டில் நீலமும் மஞ்சளும் உறையிலேயே சந்தித்து ஏற்கெனவே இறுகியிருக்கும். பிசைந்தால் குருணை குருணையாக நிற்கும். நீலம் கூடினால் விறைப்பு, மஞ்சள் கூடினால் மென்மை. அவர் மஞ்சளைக் கொஞ்சம் கூட்டி எடுத்தார். அன்று செய்யப்போவது துணி என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

மெல்லிய கையுறை போட்டுக்கொண்டார். இறுகாத எபாக்சி சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. விரலைத் தண்ணீரில் நனைத்துப் பிசையத் தொடங்கினார். உருட்டி, இழுத்து, மடித்து, மறுபடி உருட்டி. முதலில் வரிவரியாக இருந்தது, பிறகு பாசி படிந்தது போல் ஆனது, கடைசியில் ஒரு கீற்றுக்கூட இல்லாத முழுப் பச்சை. அதிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து, கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் கட்டைவிரலால் பலகை ஓரத்தில் அழுத்தி வைத்தார். அது ஏன் என்று அப்போது புரியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிசைந்த நிமிடத்திலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம்தான் கணக்கு. அதற்குப் பிறகு அது விரலின் பேச்சைக் கேட்காது.

தெளிவான பிளாஸ்டிக் தாளில் வாசலின் தடவி, உருண்டையை நடுவில் வைத்து, மேலே இன்னொரு தாள் மூடி, கண்ணாடிக் குப்பியால் உருட்டினார். அப்பளம் இடும் கை அப்படித்தான் ஓரங்களை நோக்கித் தள்ளும். தாள் போல் மெலிந்ததும் நிறுத்திவிட்டார். உடனே எடுத்தால் பசை போல் ஒட்டி இழுபடும். பாதி இறுகவேண்டும். காத்திருந்தார்.

கை சும்மா இருக்கவில்லை. வேறொரு பொட்டலத்திலிருந்து மில்லிபுட் பிசைந்து, கார்க்கின் மேல் அவன் காலைச் சுற்றிச் சேறு அப்பினார். மில்லிபுட் வேல்ஸில் டால்கெத்லே என்ற ஊரிலிருந்து வருவது. ரப்பர் போல் எகிறாது, இறுகிய பிறகு அரம் போடலாம், தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் வழவழப்பாகும். பச்சைக்கு ஞாபகசக்தி உண்டு, அழுத்திய இடம் லேசாக மேலெழும்பி வரும். கத்தி முனை, கல், மண் ஆகியவற்றுக்கு மில்லிபுட்; தோலுக்கும் துணிக்கும் பச்சை. இரண்டையும் கலந்து பிசைகிறவர்களும் உண்டு.

மேசையில் அவன் பிறந்த பெட்டி கிடந்தது. மூடியில் பெரி என்ற பெயர். ஆலன், மைக்கேல் என்ற இரட்டையர்களின் கம்பெனி, இதே ஊர்தான். 1970-களின் கடைசியில் பக்கத்திலிருக்கும் நியூவார்க்கில் சிட்டடெல் என்ற உருவக் கம்பெனி தொடங்கியது. அதைச் சுற்றி வளர்ந்த சிற்பிகளும் வார்ப்புக்காரர்களும் பிறகு தனித்தனியாகக் கடை போட்டார்கள். அதனால் இந்த வட்டாரத்துக்கே ‘லெட் பெல்ட்’, அதாவது ஈய வட்டாரம், என்று பெயர். 1996-இல் பிரான்ஸில் கிரெஸி போரை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில் பீரங்கி வெடித்து மைக்கேல் பெரிக்கு வலது கை போயிற்று. அவர் உருவம் செய்துவந்தது அந்தக் கையால்தான். இடது கைக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்து மறுபடி செய்யத் தொடங்கினார், இன்றும் செய்கிறார். மிளகளவு முகத்தில் மூக்கு வைக்க வேறொரு கையைப் பழக்குவது என்றால் என்ன என்று, அந்தப் பெரியவரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

உலோக உருவங்களில் இந்தப் பச்சைக்கு இன்னொரு கதி. பச்சையில் செய்த மூல உருவத்தை ரப்பர் வட்டுகளுக்கு நடுவே வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைப்பார்கள். ரப்பரில் பள்ளம் பதியும். மூலம் பல நேரம் உள்ளேயே நொறுங்கிவிடும். நாள்கணக்காகச் செய்தது போய், அதன் சுவடு மட்டும் ஆயிரமாக வார்க்கப்படும். இப்போதோ புதிய உருவங்கள் பெரும்பாலும் கணினித் திரையில் பிறக்கின்றன. பச்சை இன்று அதிகமாகத் தங்கியிருப்பது இப்படிப்பட்ட மேசைகளில்தான்: கடையில் வாங்கிய ஒருவனை வெட்டி ஒட்டி, வேறொருவனாக்கும் ஆசை உள்ளவர்களிடம்.

மணி மூன்றேகால். மேல் தாளைப் பிரித்தார். கருவி நுனியால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒட்டவில்லை. பிளேடால் ஒரு செவ்வகம் கீறி, எஃகு நுனியில் தூக்கினார். ஈரத் துணி போல் தொங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு அதை அவன் தலைமேல் இறக்கினார்.

கம்பளி.

அடுத்த இருபது நிமிடம் அவர் இமைத்த ஞாபகம் எனக்கு இல்லை. துணி எங்கே மாட்டுகிறதோ அங்கிருந்துதான் மடிப்பு பிறக்கும். குனிந்த தலையின் இரு ஓரம், மடங்கிய முழங்கை, நெஞ்சில் கம்பளியை இழுத்துப் பிடிக்கும் கைமுட்டி. அந்த இடங்களில் முதலில் ஒரு அழுத்து, அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு பள்ளம், பள்ளத்துக்கு இருபுறமும் எழும்பிய மேட்டை ரப்பர் நுனியால் தடவி இறக்கியது. நனைந்த கம்பளி கனக்கும். மடிப்பு குறைவாக, ஆழமாக, நேராக விழும். அவர் அப்படித்தான் விழவைத்தார். விளிம்பை ஊசியால் அங்கங்கே கிழித்துவிட்டார். கருவியைத் தண்ணீரில் தோய்ப்பதும் தொடுவதும் தோய்ப்பதுமாக ஒரு தாளம். பக்கத்து மேசையில் யாரோ வென்று கத்தினார்கள். அவர் திரும்பவில்லை.

பின்பக்கம் பார்க்கக் கார்க்கைத் திருப்பினார். சுண்டுவிரல் முதுகில் பட்டுவிட்டது.

நான் பார்த்தேன். மூன்று மடிப்பு சேர்ந்து ஒரு தட்டைத் தழும்பாகிவிட்டது. இந்த அளவில் விரல் ரேகை வயலில் ஏர் போன தடம் போல் தெரியும். அவர் கருவியைக் கீழே வைத்தார். ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிப் பாதி குடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கலாம். ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டுப்போட்டுச் சரிசெய்வார் என்று நினைத்தேன். அவர் கம்பளியை முழுதாக உரித்தெடுத்தார். உரித்ததை உருட்டி ஒரு மூட்டையாக்கி அவன் காலடியில் அழுத்தி வைத்தார். இவர்கள் பச்சையை வீணாக்குவதில்லை. மிச்சமெல்லாம் மூட்டை, ரொட்டி, கல் என்று ஏதாவது ஒன்றாகிவிடும். தாளில் மீதி இருந்த தகட்டிலிருந்து இரண்டாவது செவ்வகத்தை வெட்டினார்.

இந்த முறை தகடு கொஞ்சம் விறைத்திருந்தது. அதனால் கம்பளி தோளோடு ஒட்டாமல் ஒரு பக்கம் கூரை போல் நீட்டி நின்றது. அவர் அதை அழுத்தி இறக்கப்போனார். கை பாதியில் நின்றது. பார்த்தார். அப்படியே விட்டுவிட்டார். நெஞ்சருகே இருந்த கைமுட்டிக்கு மேல் இப்போது ஒரு சிறு நிழல் விழுந்தது. முதல் கம்பளியைவிட இதுதான் நன்றாயிருந்தது என்று இப்போதும் சொல்வேன்.

அக்கா மகன் எப்போது பக்கத்தில் வந்து நின்றான் என்று தெரியவில்லை. ஆட்டத்தில் தோற்றிருந்தான்.

“இவனுக்குத் துப்பாக்கி இல்லையே. இவன் என்ன செய்வான்?” என்று அவரைக் கேட்டான்.

“நனைவான்” என்றார் அவர்.

பிறகு, பையன் நகராமல் நிற்பதைப் பார்த்து, இரண்டு வாக்கியம் சொன்னார். வாட்டர்லூ போருக்கு முந்தின இரவு விடியவிடிய மழை. மறுநாள் சண்டைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த மழையில் கிடந்தவர்கள்.

லண்டன் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் வில்லியம் சைபோர்ன் செய்த வாட்டர்லூ போர்க்கள மாதிரி இருக்கிறது. 1838-இல் மக்கள் பார்வைக்கு வந்தது. அது காட்டுவது 1815 ஜூன் 18, மாலை ஏழு மணி. நகத்தளவு உலோக வீரர்கள் 70,000-க்கும் மேல். அதற்கு முன் நின்றபோது எனக்குக் கோடுகளும் கட்டங்களும்தான் தெரிந்தன. ஒரு ஆள் தெரியவில்லை. அவ்வளவு பெரிய வேலையைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஜூன் 17 இரவு ஒருவனுக்குக் குளிர்ந்திருக்கும் என்பது, நாட்டிங்ஹாமில் ஒரு கார்க்கின் மேல் பார்த்த பிறகுதான் என் உடம்புக்குத் தெரிந்தது. ஆட்ட விதிகளில் இவனுக்கு எண் கிடையாது. சுடமாட்டான், நகரமாட்டான். முன்னணிக்குப் பின்னால் எங்கோ ஒரு வேலியோரம் நிற்பான். அதற்காக ஒரு மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார்.

நான்கரைக்கு அவர் உருவத்தைத் தொடுவதை நிறுத்திவிட்டார். பலகை ஓரத்தில் அழுத்தி வைத்த கிள்ளை மட்டும் அவ்வப்போது நகத்தால் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் அது எதற்கென்று புரிந்தது. அதே கலவை, அதே நேரம். அது இறுகினால் இவனும் இறுகியிருப்பான். இவனைத் தொட்டுப் பார்க்கத் தேவையில்லை.

கூடத்தைப் பூட்டும் நேரம். கார்க்கை டப்பாவுக்குள் நிற்கவைத்து, இரு பக்கமும் பஞ்சு அடைத்து மூடினார். கிளம்பும்போது அந்தக் கிள்ளை அக்கா மகன் உள்ளங்கையில் வைத்து, “அழுத்தாதே. காலையில் பார்” என்றார்.

காரில் வரும்போது அவன் அதை டாஷ்போர்டில் வைத்தான். விளக்குக் கம்பங்களைக் கடக்கும்போதெல்லாம் குனிந்து பார்த்தான். “மாமா, தொடலாமா?” என்று இருமுறை கேட்டான். வேண்டாம் என்றேன்.

மறுநாள் பள்ளிக்குப் போகும் அவசரத்திலும் அதை எடுத்துவந்து என் கையில் கொடுத்தான். கல்லாகியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். பெரியவரின் கட்டைவிரல் ரேகை, ஒரு கோடு விடாமல், நடுவில் ஒரு பழைய வெட்டுக்காயத்தின் குறுக்குக் கோட்டோடு.