பைக்கும் எடை உண்டு

சென்ற ஆவணியில், ஒரு நாவலின் கடைசி இரண்டு அத்தியாயங்களை எழுதி முடிப்பதற்காகக் கும்பகோணத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். சென்னையில் எழுத முடியாது என்பது நான் வெகு காலமாகச் சொல்லி வரும் பொய். கும்பகோணத்தில் எழுத முடியும் என்பது அதைவிடப் பெரிய பொய். வேளா வேளைக்கு அப்படிப்பட்ட காப்பியைக் கொடுத்துவிட்டு, "எழுது, எழுது" என்றால் யாரால் எழுத முடியும்?

மூன்றாம் நாள் மாலை தங்கையின் பெண் என் மேஜையருகே வந்து நின்றாள். ஏழாவது படிக்கிறாள். முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்துக் கொண்டிருந்தாள்.

"மாமா, இதிலே நீங்க கையெழுத்துப் போடலாமோ?"

ரேங்க் கார்டு! கணக்கில் நூற்றுக்கு 19.

"ஏன், அம்மா திட்டுவாளா?"

"திட்ட மாட்டா, மாமா. அழுவா."

எனக்குச் சுருக்கென்றது. ஏன் அழுவாள் என்பது எனக்குத் தெரியும். என் தங்கையின் படிப்பு பத்தாவதில் கணக்கில் தவறியதோடு நின்றுவிட்டது. எனக்குக் கணக்கு வரவில்லை என்றபோது அப்பா எங்கிருந்தோ ஒரு வாத்தியாரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவளுக்கு வரவில்லை என்றபோது தையல் மிஷின் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த மிஷின் இன்றைக்கும் கூடத்து மூலையில் இருக்கிறது. அன்று நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"பத்து நாள் பொறு. நான் சொல்லிக் கொடுக்கிறேன். அப்புறம் பார்க்கலாம்" என்றேன், பெரிய கணித மேதையைப் போல.

குழந்தை ஒன்றும் மக்கு அல்ல. மளிகைக் கடையில் சில்லறை குறைந்தால் வாசற்படி இறங்குவதற்குள் சொல்லிவிடுவாள். ஆனால் இயற்கணிதம் என்றால் முகம் இருண்டுவிடுகிறது. "எக்ஸ்னா யாரு, மாமா?" என்று கேட்டாள். 'எது' என்று கேட்கவில்லை, 'யாரு' என்று கேட்டாள்! நாவலாசிரியனிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

கைபேசியில் பாடம் நடத்துகிறவர்களைப் பார்த்தோம். ஒருவர் பலகையில் எழுதுவதற்குள் அடுத்தவர் வந்து நின்றார். அதை மூடிவிட்டுப் புஸ்தகங்களைப் புரட்டினேன். பயன்பட்டதைவிட ருசித்ததே அதிகம். நம் பழைய கணிதர்கள் தெரியாத எண்ணுக்கு 'யாவத்தாவத்' என்று பெயர் வைத்தார்கள். 'எவ்வளவோ அவ்வளவு' என்று அர்த்தம். ஒன்றுக்கு மேல் போனால் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று வர்ணங்களின் பெயர். எக்ஸ், ஒய் எல்லாம் 1637இல் டேக்கார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் புஸ்தகம் போட்ட பிறகு நிலைத்த வழக்கம். 'அல்ஜீப்ரா' என்ற பெயர் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதிலிருந்த அல் குவாரிஸ்மியின் நூலிலிருந்து வந்தது. 'அல்ஜபர்' என்றால் பிசகியதைச் சேர்த்து வைப்பது. ஸ்பெயின் தேசத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவருக்கும் அதே பெயர். 1615இல் வெளிவந்த 'டான் க்விக்ஸோட்' இரண்டாம் பாகத்தில்கூட அப்படி ஒரு வைத்தியர் வருகிறார். அதாவது, நம்மூர்ப் புத்தூர்க் கட்டு வைத்தியசாலையும் ஒரு வகையில் அல்ஜீப்ரா கூடந்தான்! இதைச் சொன்னதும் குழந்தை முதல் தடவையாகச் சிரித்தாள்.

சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ராமானுஜன் வீட்டுக்கும் அழைத்துப் போனேன். அது தவறு. "இவர் பிறவியிலேயே கெட்டிக்காரர், மாமா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கெட்டிக்காரர் இதே ஊர்க் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தோற்று, உதவிச் சம்பளத்தை இழந்த கதையைச் சொன்னேன். அவர் கணக்கில் தோற்கவில்லையே என்றாள். என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் தராசுதான் வழி என்று தீர்மானித்தேன். சமன்பாடு என்பது இரண்டு தட்டும் ஒரே மட்டத்தில் நிற்பதுதானே? ஆனால் எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகு கைத்தராசு அபூர்வ வஸ்துவாகிவிட்டது. கடைத்தெருவில் அரை நாள் அலைந்து, பழைய இரும்புக் கடை ஒன்றில் கண்டெடுத்தேன். தட்டில் வைக்க முதலில் புளியங்கொட்டை. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு; முள் ஆடிக்கொண்டே இருந்தது. அடுத்து ஒரு ரூபாய் நாணயம். பழைய ரூபாயும் 2011இல் வந்த ரூபாயும் எடையில் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முடிவாக ஹார்டுவேர் கடையில் ஒரே அளவு நட்டுகள் வாங்கினேன். நட்டுகளை ஒளித்து வைக்கப் பை வேண்டும். தங்கையிடம், "ஒரே மாதிரி நாலு சின்னப் பை தைத்துக் கொடேன்" என்றேன்.

"எதுக்கு அண்ணா?"

"கதைக்கு வேணும்."

இரண்டு பைகளில் நாலு நாலு நட்டுகள் போட்டுச் சுருக்கினேன். அந்தப் பைகளோடு மூன்று நட்டுகள் இடது தட்டில். பதினொரு நட்டுகள் வலது தட்டில். "பைக்குள் இருப்பதுதான் எக்ஸ்" என்று கம்பீரமாகத் தராசைத் தூக்கினேன். இடது தட்டு இறங்கிவிட்டது! மறுபடி எண்ணினேன். எண்ணிக்கை சரி. தட்டு மட்டும் இறங்கியது. என் மானமும் அதோடு இறங்கிக்கொண்டிருந்தது.

குழந்தை கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "மாமா, பைக்கு எடை இல்லையா?"

மிச்சமிருந்த இரண்டு காலிப் பைகளை எடுத்து வலது தட்டில் அவளே வைத்தாள். முள் நேராக நின்றது.

அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு தட்டிலிருந்தும் மூன்று மூன்று நட்டுகளை எடுத்தாள். இடது தட்டில் இரண்டு பை. வலது தட்டில் எட்டு நட்டும் காலிப் பைகளும். இரு பக்கமும் பாதியை எடுத்தாள். "நாலு!" என்று கத்தினாள்.

மறுநாள், "எக்ஸிலிருந்து அஞ்சு போனால் மூணுன்னு கொடுத்தா, தராசிலே எப்படி வைக்கிறது?" என்று மடக்கினாள். இல்லாததைத் தட்டில் வைக்க முடியாதுதான். மளிகைக் கடைப் பற்றுக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டோம். பிரம்மகுப்தர் 628லேயே தனம், கடன் என்றுதான் இந்த விவகாரத்தைப் பேசியிருக்கிறார்.

பத்து நாள் முடிந்தது. நாவலில் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. கார்டில் நான் கையெழுத்துப் போடவும் இல்லை. அவளே ஒரு கையில் கார்டும் இன்னொரு கையில் தராசுமாகச் சமையலறைக்குப் போனாள். தங்கை 19 என்ற எண்ணை வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டாள். அவள் அழவில்லை, தான் தைத்த பைகளை மாத்திரம் ஒரு முறை திருப்பிப் பார்த்தாள்.

இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடத்தில் விளக்கு எரிந்தது. தையல் மிஷின் மேஜைமேல் நட்டுகள் பரப்பியிருந்தன. குழந்தை கட்டி வைத்திருந்த இரண்டு பைகளைத் தட்டில் வைத்து, மூச்சை அடக்கித் தராசைத் தூக்கிக் கொண்டிருந்தாள் என் தங்கை. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

"உள்ளே எத்தனை இருக்குன்னு சொல்லிடாதே, அண்ணா" என்றாள்.